நூலகமும் தொண்டூழியமும்

சிங்கப்பூரின் பொது நூலகத்தில் தமிழ் நூல்கள் இடம்பெற்றமைக்கு அரசின் முயற்சியோடு மக்களின் கொடையும் உழைப்பும் காரணமாகும். ஆங்கிலேயர் காலத்து ராஃபிள்ஸ் நூலகம் சந்தா செலுத்தியவர்க்கே நூல்களை இரவல் தந்தது. அங்கு ஆங்கில நூல்களே மிகுதி. 1953-இல் 375,000 வெள்ளி நன்கொடை வழங்க முன்வந்த வணிகர் லீ கோங் சியான், புதிய நூலகம் கட்டணமின்றி இயங்க வேண்டும், ஆசிய மொழி நூல்களையும் பேண வேண்டும் என நிபந்தனை விதித்தார். 1960 நவம்பர் 12 அன்று ஸ்டாம்ஃபோர்டு சாலையில் தேசிய நூலகக் கட்டடம் திறக்கப்பட்டது.

கொடையால் இடம் கிடைத்தது. ஆயினும் குறைந்த படிகளே அச்சான உள்ளூர்த் தமிழ் நூல்கள் காலப்போக்கில் கிடைத்தற்கரியனவாயின. இக்குறையைப் போக்க, அருண் மகிழ்நன் தலைமையில் தொண்டூழியர் சிலர் தேசிய நூலக வாரியத்துடன் இணைந்து தமிழ் மின்மரபுடைமைத் திட்டத்தைத் தொடங்கினர். 1965 முதல் வெளிவந்த ஏறத்தாழ 350 இலக்கிய நூல்கள் மின்வடிவம் பெற்று, 2015-இல் பொதுமக்களுக்கு வழங்கப்பட்டன. உரிமையாளரின் இசைவு பெறுதலும், கணினி படித்தெடுத்த எழுத்துகளைச் சரிபார்த்தலும் இப்பணியில் அடங்கின. ரகரத்தையும் துணைக்காலையும் கணினி எளிதில் மயங்கிப் படிக்கும். சொல்லறிந்த மனிதர் அம்மயக்கத்தைத் தீர்க்கலாம்.

ஆகவே, தமிழ் பயிலும் மாணவர்க்கு நூலகத் தொண்டூழியம் என்பது அலமாரியில் நூல்களை அடுக்குவதோடு முடிவதன்று. மெய்ப்புப் பார்த்தல், உள்ளூர் நூல்களைத் தேடித் திரட்டுதல் ஆகியனவும் அதன் பகுதிகளே. அவற்றுக்குத் தேவையான மொழிப்பயிற்சியை வகுப்பறையிலேயே தொடங்குவது ஆசிரியர் கடமை.