உட்கார ஓர் இடம்: டீக்கடை, சலூன், மன்றம்

எழுத்தாளர்களின் நினைவுக் குறிப்புகளைப் படித்தால் ஒரு விஷயம் திரும்பத் திரும்ப வரும். ஒரு காபி ஓட்டல், மூலையில் ஒரு மேஜை, நாலு நண்பர்கள், ராத்திரி கடை சாத்துகிற வரைக்கும் பேச்சு. அங்கேதான் பத்திரிகை பிறந்தது, அங்கேதான் கதை பிறந்தது என்று உருகி எழுதுவார்கள். படிக்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் சேரியிலிருந்து வந்து படிக்கிறவனுக்கு ஒரு கேள்வி தொண்டையில் நிற்கும். அந்த மேஜையில எங்க தாத்தன உக்கார விட்டிருப்பாங்களா?

நட்பு மனசு சம்பந்தப்பட்ட சமாச்சாரம் என்கிறார்கள். மனசு மட்டும் போதாது. கூடிப் பேச ஓர் இடம் வேண்டும். நிழல் வேண்டும், பெஞ்சு வேண்டும், 'எழுந்திருடா' என்று எவனும் சொல்லாத ஒரு மணிநேரம் வேண்டும். சாதி நம்மிடமிருந்து பிடுங்கிக்கொண்டவற்றில் நிலம், தண்ணீர், கோயில், படிப்பு ஆகியவற்றைப் பற்றி நிறைய எழுதிவிட்டோம். உட்காருகிற இடத்தைப் பற்றி அவ்வளவாக எழுதவில்லை. அதை மீட்டவர்களின் கதையையும் எழுதவில்லை.

தமிழ்நாட்டு ஓட்டல்களில் பிராமணர்களுக்குத் தனி இடம் இருந்த காலம் ஒன்று உண்டு. ரயில்வே ஸ்டேஷன் சாப்பாட்டு அறைகளிலும் அந்தப் பிரிவினை இருந்தது. பெரியார் இயக்கம் எதிர்த்துப் போராடி 1941இல் அது ஒழிந்தது. 1957இல் சென்னை திருவல்லிக்கேணியில் ஓட்டல் பலகையில் இருந்த 'பிராமணாள்' என்ற சொல்லை எடுக்கச் சொல்லித் தொடர் மறியல் நடந்தது. நியாயமான போராட்டங்கள்தான். ஆனால் பட்டணத்தில் அந்தப் பலகை இறங்கிய பிறகும் கிராமத்து டீக்கடையில் கிளாஸ் ரெண்டாகத்தான் இருந்தது. ஊர்க்காரனுக்குக் கண்ணாடி கிளாஸ், பெஞ்சு. நமக்குக் கொட்டாங்கச்சி, இல்லாவிட்டால் கூரை எரவாணத்தில் செருகி வைத்த அலுமினிய டம்ளர். எடுத்து, தானே கழுவி, கீழே குந்திக் குடித்து, மறுபடி கழுவிச் செருகிவிட்டுக் காசை வைக்க வேண்டும். காசுக்கு மட்டும் தீட்டு கிடையாது.

1950இல் நடைமுறைக்கு வந்த அரசியல் சட்டத்தின் 15ஆவது பிரிவு கடை, உணவு விடுதி, ஓட்டல் என்று பெயர் சொல்லியே எல்லோருக்கும் திறந்துவிட்டது. 1955இல் தீண்டாமைக் குற்றங்கள் சட்டம் வந்தது. 1965இல் அமைக்கப்பட்ட இளையபெருமாள் குழு 1969இல் தந்த அறிக்கையைப் பார்த்தால் சட்டம் எவ்வளவு தூரம் நடந்து வந்திருந்தது என்பது தெரியும். டீக்கடை வாசல் வரைக்கும்கூட வரவில்லை.

இங்கே கொஞ்சம் கடல் தாண்டிப் போக வேண்டியிருக்கிறது. காரணம் இருக்கிறது. தஞ்சாவூர் மண்ணில் ஓர் ஈழத்து எழுத்தாளர் புதைக்கப்பட்டிருக்கிறார். கே. டானியல். வைத்தியத்துக்காக வந்தவர் 1986இல் இங்கேயே இறந்துபோனார். 1972இல் வெளிவந்த அவருடைய 'பஞ்சமர்' நாவலைத் தொண்ணூறுகளில் தலித் இலக்கியம் பேசத் தொடங்கிய நம் தலைமுறை தன் முன்னோடி என்று சொல்லிக்கொண்டது. அந்த டானியலும் அவருடைய தோழர்களும் எங்கே கூடினார்கள், எங்கே உட்காருவதற்காக அடிபட்டார்கள் என்பது நமக்கும் உரிய வரலாறு.

யாழ்ப்பாணத்தில் வண்ணார், அம்பட்டர், பள்ளர், நளவர், பறையர் ஆகிய ஐந்து சாதியாரையும் சேர்த்துப் பஞ்சமர் என்றார்கள். தேத்தண்ணிக் கடையில் அவர்களுக்கு வாங்கு கிடையாது. வாங்கு என்றால் நம்ம பெஞ்சு. வெளியே நின்று தகரப் பேணியில் வாங்கிக் குடிக்க வேண்டும். பள்ளிக்கூடத்திலும் அதே கதை. மற்ற பிள்ளைகள் வாங்கில், இவர்கள் தரையில். 1920களின் கடைசியில் 'சம ஆசனம், சம போசனம்' என்ற கோரிக்கை எழுந்தது. உதவிபெறும் பள்ளிகளில் சமமாக உட்காரவைக்க வேண்டும் என்று அரசு உத்தரவு போட்டபோது ஆதிக்க சாதியினர் சில பள்ளிக்கூடங்களைக் கொளுத்தினார்கள். பிள்ளைகள் ஒரே பலகையில் உட்காருவதைப் பார்ப்பதைவிடப் பள்ளிக்கூடம் எரிவதே மேல் என்று நினைத்தார்கள். உட்காருவது எவ்வளவு பெரிய அரசியல் என்பது நமக்கு முன்னால் அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

இந்த யாழ்ப்பாணத்தில்தான் கஸ்தூரியார் வீதியில் ஜோசப் சலூன் என்று ஒரு முடிதிருத்தும் கடை இருந்தது. டொமினிக் ஜீவாவின் கடை.

சலூன் என்பதை லேசாக நினைக்கக்கூடாது. கிராமத்தில் முடிவெட்டுகிறவர் அடைப்பத்தைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போக வேண்டும். முன்வாசல் கிடையாது, கொல்லைப்புறம்தான். கூலி கிடையாது, அறுப்புக் காலத்தில் அளந்து போடுகிற தானியம்தான். கூப்பிட்ட நேரத்தில் போகாவிட்டால் ஏச்சு. அவரே பட்டணத்துக்கு வந்து ஒரு கடை எடுத்து, கண்ணாடி மாட்டி, நாற்காலி போட்டு, விலைப் பலகை தொங்கவிட்டால் எல்லாம் தலைகீழாகிறது. இப்போது வெள்ளாளர் இவருடைய வாசலுக்கு வர வேண்டும். தன் முறை வரும்வரை காத்திருக்க வேண்டும். காசு கொடுக்க வேண்டும். அடிமைத் தொழில் என்று எதைக் கட்டிவிட்டார்களோ, அதே தொழில் ஒருவருக்குச் சொந்தமாக ஒரு கூரையைக் கொடுத்தது. கூரை இருந்தால் நண்பர்கள் வருவார்கள்.

ஜீவா 1927இல் பிறந்தவர். ஆசிரியர் சாதியைச் சொல்லி அவமானப்படுத்தியதால் சின்ன வயதிலேயே படிப்பு நின்றுபோனது. இந்தியாவில் கம்யூனிஸ்ட் கட்சி தடைசெய்யப்பட்டிருந்த 1940களின் கடைசியில் ப. ஜீவானந்தம் தலைமறைவாக இலங்கைக்குப் போயிருந்தார். அந்தப் பழக்கத்தில் டொமினிக் தன் பெயரோடு ஜீவாவைச் சேர்த்துக்கொண்டார். பள்ளிக்கூடம் துரத்திய அவருக்கு சலூன்தான் சர்வகலாசாலை. தானே அப்படிச் சொல்லிக்கொள்வதில் அவருக்குப் பெருமை. டானியல், எஸ். பொன்னுத்துரை, ஜீவா ஆகிய மூவரும் ஒடுக்கப்பட்ட சாதிகளிலிருந்து எழுத வந்த கூட்டாளிகள். பின்னால் பிரிந்தார்கள், கடுமையாகச் சண்டையும் போட்டுக்கொண்டார்கள். சேர்ந்திருந்த காலத்தில் ஈழத்துச் சிறுகதைக்குள் அதுவரை வராத மனிதர்களைக் கொண்டுவந்தார்கள். மரபுப் பண்டிதர்கள் இவர்கள் எழுதுவதை இழிசனர் இலக்கியம் என்று ஏசினார்கள். 1960இல் வந்த ஜீவாவின் 'தண்ணீரும் கண்ணீரும்' சிறுகதைத் தொகுப்பு இலங்கைச் சாகித்திய மண்டலப் பரிசைப் பெற்றது.

1966 ஆகஸ்டில் ஜீவா 'மல்லிகை' என்ற மாத இதழைத் தொடங்கினார். அலுவலகம் என்று தனியாக எதுவும் இல்லை, சலூன்தான் அலுவலகம். ஒரு பக்கம் கத்தரிக்கோல் சத்தம், இன்னொரு பக்கம் ப்ரூஃப். எழுத்தாளர் வந்தாலும் உட்கார இடம் உண்டு, தொழிலாளி வந்தாலும் உட்கார இடம் உண்டு. அச்சாகி வந்த இதழை ஜீவாவே சைக்கிளில் வைத்துக் கொண்டுபோய் விற்றார். அந்த இதழ் நாற்பத்தைந்து ஆண்டுகளுக்கும் மேலாக வந்தது. கல்லூரி வாசல் மிதிக்காத ஒருவர் முடிவெட்டும் கடையிலிருந்து நடத்திய பத்திரிகையில் பேராசிரியர்கள் எழுதினார்கள். ஈழத்து இலக்கியத்தை ஆய்வுசெய்கிறவர் யாரும் மல்லிகையைத் தாண்டிப் போக முடியாது.

இந்தத் தோழமை பேச்சோடு நிற்கவில்லை. அகில இலங்கைச் சிறுபான்மைத் தமிழர் மகாசபை 1950களில் தேநீர்க்கடைப் பிரவேசத்தைக் கையில் எடுத்தது. 1957இல் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் அங்கே வந்தது. நமக்கு 1955, அவர்களுக்கு 1957. சட்டம் வந்தும் கடைகள் திறக்கவில்லை. 1966 அக்டோபர் 21ஆம் தேதி சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணத்துக்கு சாதி ஒழிப்பு ஊர்வலம் கிளம்பியது. போலீஸ் தடியடி நடத்தியும் அது நகரம் போய்ச் சேர்ந்தது. அதிலிருந்து தீண்டாமை ஒழிப்பு வெகுஜன இயக்கம் எழுந்தது. டானியல் அதன் அமைப்பாளர்களில் ஒருவர். சங்கானை, சாவகச்சேரி, நெல்லியடி என்று கடை கடையாகப் போராட்டம். போராட்டம் என்றால் என்ன? கூட்டமாக உள்ளே போய் வாங்கில் உட்கார்ந்து, 'தேத்தண்ணி தாரும்' என்று கேட்பது. அவ்வளவுதான். அதற்குக் கடையை இழுத்துச் சாத்தினார்கள், அடியாட்களை ஏவினார்கள், குண்டு போட்டார்கள், துப்பாக்கியால் சுட்டார்கள். உயிர்கள் போயின. கடைசியில் கடைகள் திறந்தன. 1968இல் மாவிட்டபுரம் கோயில் வாசலில் நடந்த போராட்டத்துக்கு முன்னால் இந்த வாங்குகளில் உட்கார்ந்து பழகிய கூட்டம் ஒன்று தயாராக இருந்தது என்பதை மறந்துவிடக்கூடாது.

பிறகு போர் வந்தது. 1995 அக்டோபர் கடைசியில் யாழ்ப்பாண நகரமே இடம்பெயர்ந்தது. மல்லிகை தொண்ணூறுகளில் கொழும்புக்குப் போய்ச் சேர்ந்தது. ஜீவா 2021 ஜனவரியில் இறந்தார்.

நம் பக்கம் இப்படிப்பட்ட இடங்கள் இல்லையா என்று கேட்கலாம். இருந்தன. அயோத்திதாசப் பண்டிதர் சித்த வைத்தியர். 1898இல் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவியவர். 1907 ஜூனில் சென்னை ராயப்பேட்டையிலிருந்து 'ஒரு பைசாத் தமிழன்' வார இதழைத் தொடங்கினார். விலையே பெயரில் இருந்தது. கோலார் தங்கவயலில் மாரிகுப்பம், சாம்பியன் ரீஃப் ஆகிய இடங்களில் சங்கக் கிளைகள். பூமிக்கடியில் வேலை முடித்து மேலே வந்தவர்கள் அங்கே கூடினார்கள். அவர்களுடைய கூட்டச் செய்திகள் 'தமிழ'னில் அச்சேறின. பண்டிதர் 1914இல் மறைந்த பிறகும் தங்கவயல் தோழர்கள் விடவில்லை. சித்தார்த்த புத்தகசாலை அங்கிருந்துதான் அவருடைய நூல்களை வெளியிட்டது. 1999இல் ஞான. அலாய்சியஸ் தொகுத்த 'அயோத்திதாசர் சிந்தனைகள்' வந்தபோது தமிழ்நாடே திகைத்தது. பல்கலைக்கழக நூலகங்கள் மறந்துபோனவரை, பழைய இதழ்களைப் பெட்டியில் பூட்டிக் காப்பாற்றிய நம் ஆட்களே திருப்பிக் கொடுத்தார்கள். தங்கவயல் சுரங்கம் 2001இல் மூடப்பட்டது. சங்கத்தில் கூடியவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று விடியற்காலை ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குப் போகிறார்கள்.

அப்புறம் நம்முடைய மன்றங்கள். திராவிட இயக்கத்துப் படிப்பகங்கள் தெருத்தெருவாக முளைத்தன, சலூன்களில் கட்சிப் பத்திரிகைகளைச் சத்தம்போட்டுப் படித்தார்கள் என்பதெல்லாம் உண்மை. ஆனால் பெரும்பாலும் அவை ஊர்த் தெருவில் இருந்தன. பல கிராமங்களில் சலூனே நமக்கு வெட்டாது. முடி வெட்டிக்கொள்ளப் பஸ் ஏறி டவுனுக்குப் போக வேண்டும். அதனால்தான் சேரி தனக்கென்று ஒன்றைக் கட்டிக்கொண்டது. 1990–91இல் அம்பேத்கர் நூற்றாண்டு வந்தபோது தமிழ்நாடெங்கும் அம்பேத்கர் மன்றங்கள் புதிதாக எழுந்தன. நாலு கம்பு, ஒரு கூரை, நீலப் பலகை, அண்ணல் படம், ஒரு கேரம் போர்டு. இதுதான் சொத்து.

அந்தக் கேரம் போர்டைக் கேலி செய்கிறவர்கள் உண்டு. வேலவெட்டி இல்லாத பசங்க என்பார்கள். அங்கே நடந்தது என்ன என்று பாருங்கள். ஒரு பேப்பர் வாங்கி, தாள் தாளாகப் பிரித்து நாலு பேர் படிப்பார்கள். படிக்கத் தெரியாத பெரியவர், 'அந்தக் கோர்ட்டு சேதியப் படிடா தம்பி' என்பார். சாயங்காலம் பத்தாவது பெயிலான அண்ணன் சின்னப் பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லிக்கொடுப்பான். ஒருத்தனுக்குக் கூலி கிடைத்தால் அன்றைக்கு எல்லாருக்கும் டீ. கிடைக்காத நாளில் ஒரு டீயை ரெண்டா ஆத்திக் குடிப்பார்கள். மனு எழுதுவதும் அங்கேதான், ஸ்டேஷனுக்குப் போக ஆள் சேருவதும் அங்கேதான். ஊர் டீக்கடைப் பெஞ்சில் உட்காரப் போன முதல் பையன் பல இடங்களில் இந்தக் கூரைக்கடியிலிருந்து எழுந்து போனவன்தான். தனியாகப் போகவில்லை. பின்னால் நாலு பேர் வருவார்கள் என்ற தைரியம் அவனுக்கு இருந்தது. அந்தத் தைரியத்துக்குப் பெயர்தான் தோழமை.

இந்தப் பெருமையில் ஓர் ஓட்டை இருக்கிறது. அதையும் பேசிவிட வேண்டும். சலூன், டீக்கடை, மன்றம் என்று நான் சொன்ன எல்லாம் ஆண்கள் உட்கார்ந்த இடங்கள். மன்றத்துக் கூரைக்கு ஓலை முடைந்தவர்கள் பெண்கள். உள்ளே உட்கார்ந்தவர்கள் நாம். அவர்கள் கூடியது நாற்றங்காலில், செங்கல் சூளையில், குழாயடியில், பீடி சுற்றுகிற திண்ணையில். வேலை செய்துகொண்டேதான் பேசினார்கள். சும்மா உட்கார்ந்து பேச அவர்களுக்கு யார் இடம் கொடுத்தது? 1992இல் பாமாவின் 'கருக்கு' வந்தபோது அந்தப் பேச்சும் சிரிப்பும் ஏச்சும் முதல்முறையாகப் புத்தகத்துக்குள் வந்து உட்கார்ந்தன. மன்றத்தின் வரலாற்றை எழுதுகிறவர்கள் நாற்றங்காலையும் சேர்த்து எழுதாவிட்டால், காபி ஓட்டல் நினைவுகளை எழுதிய அந்த எழுத்தாளர்களுக்கும் நமக்கும் என்ன வித்தியாசம்?

இன்றைக்கு டீக்கடைகளில் பேப்பர் கப் வந்துவிட்டது. யாருக்கு எந்த கிளாஸ் என்ற கேள்வி வெளியே தெரிவதில்லை. குடித்ததும் கசக்கிப் போட்டுவிடலாம், சாதி ஒழிந்தது மாதிரி இருக்கும். ஆனால் பெஞ்சில் உட்காருவது யார், கப்பை வாங்கிக்கொண்டு மரத்தடிக்கு நகருவது யார் என்று கவனித்துப் பாருங்கள். சில ஊர்களில் பெஞ்சையே எடுத்துவிட்டார்கள். எல்லோரும் நின்று குடிக்கட்டும், அவன் பக்கத்தில் உட்காரும்படி ஆகிவிடக்கூடாது என்பதற்காக.

மாணவத் தோழர்களுக்கு ஒரு வேலை இருக்கிறது. உங்கள் சேரியில் முதல் டீக்கடை வைத்தது யார், எந்த வருஷம்? மன்றத்துக்கு இடம் யார் கொடுத்தார்கள், எத்தனை தடவை அது எரிந்தது, மறுபடி யார் கூரை போட்டார்கள்? ஊர்ப் பெஞ்சில் முதலில் உட்கார்ந்தது யார், அன்றைக்கு என்ன நடந்தது? நடவுக்குப் போன அம்மாக்கள் எதைப் பேசிச் சிரித்தார்கள்? இதற்கெல்லாம் ஆவணக் காப்பகத்தில் கோப்பு கிடையாது. தெரிந்தவர்கள் எழுபது, எண்பது வயதில் திண்ணையில் இருக்கிறார்கள். பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். கேட்டதை அவர்கள் சொன்ன பேச்சிலேயே எழுதி அனுப்புங்கள்.