மெருகின் அடியில் ஒளியும் விரிசல்: காவலூர் ஆடியும் கார்பன் இழைத் தகடும்

ஜவ்வாது மலையில் ஆலங்காயத்தை அடுத்த காவலூரில், கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 700 மீட்டர் உயரத்தில், வைணு பாப்பு தொலைநோக்கி நிற்கிறது. 2.34 மீட்டர் விட்டமுள்ள அதன் முதன்மை ஆடி பெங்களூரில், இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் ஒளியியல் கூடத்தில் தேய்த்து மெருகேற்றப்பட்டது. 1986 ஜனவரியில் திறப்பு விழா நடந்தபோது, அதைத் திட்டமிட்ட வைணு பாப்பு உயிரோடு இல்லை, 1982இலேயே மறைந்துவிட்டார். வானியலாளர்களுக்கு நன்கு பழகிய இந்த ஆடியை, கூட்டுப்பொருள்களைத் துளையிட்டு அவற்றின் சேதத்தை அளப்பவர்களும் கூர்ந்து பார்க்க வேண்டும்.

ஆடிக்கான பொருள் ஜெரோடூர். பார்வைக்குக் கண்ணாடி, உள்ளே எடையில் முக்கால் பங்கு வரை நுண்படிகங்கள், மீதிதான் கண்ணாடி. சூடேறினால் படிகம் சுருங்கும், கண்ணாடி விரியும். ஒன்றை மற்றொன்று ஈடுகட்டுவதால் இரவின் குளிரிலும் ஆடியின் வடிவம் அநேகமாக மாறாது. இரண்டு பொருள்கள் சேர்ந்து, தனியே எதற்கும் இல்லாத பண்பைத் தருகின்றன. அந்த வகையில் இதுவும் ஒரு கூட்டுப்பொருளே.

ஆனால் தேய்க்கும்போது அது வெறும் கண்ணாடியைப் போலவே சேதமடைகிறது. காரணம் அளவு. படிகம் ஒவ்வொன்றும் சுமார் 50 நானோமீட்டர். முரட்டுத் தேய்ப்பில் உருளும் சிலிக்கன் கார்பைடு மணிகளோ பல பத்து மைக்ரான். அந்த மணி உண்டாக்கும் விரிசலுக்குப் படிகம் எது, கண்ணாடி எது என்ற வேறுபாடு இல்லை, நேரே இறங்கிவிடும். கார்பன் இழைத் தகட்டின் கதை வேறு. இழை 5 முதல் 7 மைக்ரான். ஓர் அடுக்கின் தடிமன் பெரும்பாலும் 0.125 மில்லிமீட்டர் அளவில். துளையூசி ஒரு சுற்றில் இறங்கும் ஆழமும் ஏறத்தாழ அதே அளவு. அதனால் விரிசல் இழைகளின் ஓரமாகவும் அடுக்குகளின் இடையிலும் வழி பிடித்து ஓடுகிறது. ஊசி வெளியேறும் பக்கத்தில் எஞ்சிய மெல்லிய அடுக்குகள் உந்துவிசையைத் தாங்காமல் பிரிகின்றன. அப்பிரிவு தொடங்கும் எல்லை விசையை ஹோச்செங்கும் தரனும் 1990இல் கணக்கிட்டுக் காட்டினர்.

இதிலிருந்து ஒரு முடிவு தெளிவாகிறது: ஒரு பொருளுக்கு ஏற்ற சேத அளவுகோல் மற்றொன்றுக்கு அப்படியே பொருந்தாது. ஒரே தகட்டில்கூட ஒற்றை எண் போதாது. 1997இல் சென் முன்வைத்த பிரிவுக் காரணி, சேதத்தின் பெரும விட்டத்தைத் துளையின் விட்டத்தால் வகுப்பது. எளிது, அதனாலேயே பரவியது. ஆனால் ஒரே திசையில் நீண்ட மெல்லிய கீற்றும், துளையைச் சுற்றி வளையமாகப் படர்ந்த பிரிவும் அதில் ஒரே மதிப்பெண் பெறும். பின்னர் டாவிமும் உடனாய்வாளர்களும் சேதப் பரப்பையும் சேர்த்து அதைத் திருத்தினார்கள். நல்ல திருத்தம்தான், ஆயினும் மேற்பரப்பின் படத்தை மட்டும் கொண்டு கணக்கிட்டால், நடு அடுக்குகளில் உள்ள பிரிவு அதிலும் தப்பிவிடும்.

ஆடிப் பட்டறைகள் இதே சிக்கலை வெகுகாலம் முன்பே சந்தித்தன. தேய்த்த கண்ணாடியின் கரடுமுரடுக்குக் கீழே ஒரு விரிசல் படலம் இருப்பதை பிரெஸ்டன் 1922இலேயே எழுதினார். மெருகேற்றினால் மேற்பரப்பு பளபளக்கும். அடியிலுள்ள விரிசல் அப்படியே இருக்கலாம். வளைவைச் சோதிக்கும் ஃபூக்கோவின் கத்திமுனைச் சோதனைக்கு அது தெரியாது. ஹைட்ரோஃப்ளூரிக் அமிலத்தில் அரித்தால் மூடிய விரிசல் வாய் திறக்கும். ஆனால் முடிந்த ஆடியை யாரும் அமிலத்தில் இட முடியாது. எனவே தொழிலாளர்கள் சேதத்தைப் படிப்படியாகவே கட்டுப்படுத்துகிறார்கள்: ஒவ்வொரு நுண்மணித் தேய்ப்பும் முந்தைய மணி விட்டுச்சென்ற விரிசலின் ஆழம் முழுவதையும் நீக்கியாக வேண்டும். இறுதிச் சோதனையின் நம்பகம் முந்தைய படிகளின் பதிவில் இருக்கிறது.

இந்த ஒழுங்கு துளையிடல் ஆய்வுக்கும் வர வேண்டும். உடற்கட்டமைப்பின் எடையில் ஏறத்தாழ 45 விழுக்காடு கூட்டுப்பொருளாகக் கொண்ட தேஜஸ் விமானத்தை உருவாக்கிய நாடு இது. அத்தகைய தகட்டில் ஒவ்வொரு துளையும் சுமையைக் கடத்தும் இடம். தமிழகப் பொறியியல் கல்லூரிகளின் ஆய்வேடுகள் துளை வாயின் ஒளிப்படத்தோடு நின்றுவிடக் கூடாது. மீயொலிச் சோதனையில் அடுக்குகளின் உட்புறத்தைப் பாருங்கள், சில மாதிரிகளைக் குறுக்கே அறுத்து நுண்ணோக்கியில் சரிபாருங்கள், ஊசியின் தேய்மானத்தையும் உந்துவிசையையும் துளைவாரியாகப் பதிவுசெய்து காரணியோடு சேர்த்தே வெளியிடுங்கள்.