நியூயார்க் நகரின் சமூக வாரியங்கள்

நியூயார்க் மாநகரம் பரோ எனப்படும் ஐந்து பெரும் பிரிவுகளைக் கொண்டது. அவற்றுக்குள் அடங்கிய 59 வட்டாரங்களில் ஒவ்வொன்றுக்கும் ஒரு குடிமக்கள் ஆலோசனைக் குழு உண்டு. அதுவே சமூக வாரியம். மன்ஹாட்டனிலும் பிராங்க்ஸிலும் தலா 12, புரூக்ளினில் 18, குவீன்ஸில் 14, ஸ்டாட்டன் தீவில் 3 வாரியங்கள் உள்ளன. ஒரு வாரியத்தில் 50 பேர் வரை இருக்கலாம். அவர்களைப் பரோ தலைவர் நியமிக்கிறார். பாதிப் பேர் அப்பகுதியின் நகர மன்ற உறுப்பினர்கள் பரிந்துரைத்தவர்களாக இருக்க வேண்டும். பதவிக்காலம் இரண்டு ஆண்டு, சம்பளம் கிடையாது. குப்பை அள்ளுவது, பூங்கா, காவல் ரோந்து, மதுக்கூட உரிமம், புதிதாக எழவிருக்கும் கட்டடம் என்று வட்டாரத்தின் காரியங்களைப் பொதுமக்கள் முன்னிலையில் பேசித் தீர்மானம் போடுகிறார்கள். அந்தத் தீர்மானம் எந்த அதிகாரியையும் கட்டுப்படுத்தாது. அதனாலேயே இவற்றைப் பல் பிடுங்கிய பாம்பு என்று ஒதுக்குவோர் உண்டு. ஆனால் இவை உருவான வரலாறு வேறொன்றைக் காட்டுகிறது. வாரியத்தின் பலம் அது எடுக்கும் வாக்கெடுப்பில் என்றுமே இருந்ததில்லை. எல்லாத் துறைகளையும் ஒரே எல்லைக்குள் கொண்டுவந்து, ஒரே மேசையில் உட்காரவைத்து, பதில் சொல்லியாக வேண்டும் என்று ஆக்கிய ஏற்பாட்டில்தான் அந்தப் பலம் இருக்கிறது.

முதல் வித்தை இட்டவர் ராபர்ட் வாக்னர். பின்னாளில் மேயராகி 1954 முதல் 1965 வரை ஆண்ட அவர், 1951இல் மன்ஹாட்டன் பரோ தலைவராக இருந்தபோது, பன்னிரண்டு சமூகத் திட்டக் குழுக்களை அமைத்தார். ஒவ்வொன்றிலும் 15 முதல் 20 பேர். திட்டமிடலிலும் வரவு செலவிலும் யோசனை சொல்வது அவர்கள் வேலை. நகரின் பெரும் கட்டுமானப் பணிகளைத் தன் கையில் வைத்திருந்த அதிகாரி ராபர்ட் மோசஸ், நெடுஞ்சாலைக்கும் சேரி அகற்றலுக்கும் குடியிருப்புகளைத் தெருத்தெருவாக இடித்துக்கொண்டிருந்த காலம் அது. இடிபடும் தெருவில் இருப்பவரிடம் ஒரு வார்த்தை கேட்பதே அன்று புதுமை. 1961இல் நிறைவேறி 1963இல் நடைமுறைக்கு வந்த நகர சாசனம் என்ற அடிப்படைச் சட்டம் இந்த ஏற்பாட்டை ஐந்து பரோக்களுக்கும் விரித்தது. அதே 1961இல் ஜேன் ஜேக்கப்ஸ் எழுதிய 'அமெரிக்கப் பெருநகரங்களின் மரணமும் வாழ்வும்' வெளிவந்தது. மாநகரங்கள் பெருகப் பெருக ஒவ்வொரு துறையும் தன் தலைமையை மட்டுமே பார்த்து இயங்குகிறது. ஒரு வட்டாரத்தை முழுதாக அறிந்த அதிகாரி எங்கும் இல்லை. ஆகவே எல்லாத் துறைகளுக்கும் பொதுவான நிர்வாக வட்டாரங்கள் வேண்டும் என்பது அந்நூலின் ஒரு முழு அத்தியாயத்தின் வாதம். நடைபாதை பற்றிய அவருடைய பக்கங்கள் பெற்ற புகழை இந்த அத்தியாயம் பெறவில்லை. ஆனால் வாரியங்களின் வரலாற்றில் இதுவே முக்கியமானது.

அவர் சொன்னது எவ்வளவு உண்மை என்பதை அடுத்த பத்தாண்டு காட்டியது. 1969 பிப்ரவரியில் 38 சென்டிமீட்டர் பனி பொழிந்தபோது குவீன்ஸ் தெருக்கள் நாள்கணக்கில் வாரப்படாமல் கிடந்தன. அந்தப் பனிப்புயலில் நகரில் 42 பேர் இறந்தனர். அவர்களில் பாதிப் பேர் குவீன்ஸைச் சேர்ந்தவர்கள். அவ்வாண்டுக் கோடையில் கிழக்கு ஹார்லெமில் யங் லார்ட்ஸ் என்ற புவெர்ட்டோ ரிக்கோ இளைஞர் அமைப்பினர், அள்ளப்படாத குப்பையைத் தாங்களே கூட்டி நடுச்சாலையில் குவித்துப் போக்குவரத்தை மறித்தார்கள். 1970 ஜூனில் புரூக்ளினின் பிரவுன்ஸ்வில்லில் குப்பைக் குவியல்கள் தீ வைத்துக் கொளுத்தப்பட்டன. வசதியான குடும்பங்கள் வாழ்ந்த குவீன்ஸுக்கும் வறுமை மண்டிய பிரவுன்ஸ்வில்லுக்கும் ஒப்புமை மிகக் குறைவு. ஆனாலும் இரு இடத்து மக்களும் ஒன்றையே அனுபவித்தார்கள்: முறையிட எத்தனையோ கதவுகள் இருந்தன, எந்தக் கதவுக்குப் பின்னாலும் அந்தத் தெருவுக்குப் பொறுப்பானவர் இல்லை. துப்புரவுத் துறையின் கோட்டம் ஒரு விதமாகவும் காவல் சரகம் வேறு விதமாகவும் பூங்காத் துறையின் பிரிவு இன்னொரு விதமாகவும் வெட்டப்பட்டிருந்தன. ஒரே தெருவைப் பற்றிப் பேச மூன்று ஊர் அதிகாரிகளைத் தேட வேண்டியிருந்தது. அப்போதைய மேயர் ஜான் லிண்ட்சே 1970களின் தொடக்கத்தில் கிரவுன் ஹைட்ஸ் உள்ளிட்ட சில இடங்களில் ஒரு சோதனை செய்தார். ஒவ்வொரு துறையின் வட்டார அதிகாரியையும் ஒரு மேலாளரின் கீழ்ச் சேர்த்து மாதந்தோறும் கூடவைத்தார். பணம் அதிகம் கேட்காத சோதனை அது. அதன் வடிவம் நிலைத்துவிட்டது.

1975இல் மாநில செனட்டர் ராய் குட்மன் தலைமையிலான சாசனத் திருத்த ஆணையம் இந்த வடிவத்தை எடுத்துக்கொண்டது. நகரம் திவாலின் விளிம்பில் நின்ற ஆண்டு அது. அந்த நவம்பரில் வாக்காளர்கள் ஏற்ற திருத்தம்தான் இன்றுள்ள வாரியங்களைப் பெற்றது. வட்டாரங்கள் ஒரு லட்சம் முதல் இரண்டரை லட்சம் மக்களைக் கொண்டவையாக, வழிவழியாக அறியப்பட்ட குடியிருப்புகளைப் பிளக்காதவையாக வரையப்பட வேண்டும் என்றது சாசனம். ஒவ்வொரு வாரியமும் சம்பளம் பெறும் வட்டார மேலாளர் ஒருவரை நியமித்துக்கொள்ளலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, காவல் ரோந்து, தெருக்கூட்டலும் குப்பை அகற்றலும், உள்ளூர்ப் பூங்காப் பராமரிப்பு போன்ற சேவைகளின் எல்லைகள் சமூக வட்டாரத்தின் எல்லையோடு பொருந்த வேண்டும் என்று கட்டளையிட்டது. வரைபடத்தை மாற்றும் சலிப்பூட்டும் வேலைதான். காவல் சரகங்களையே அதற்காகத் திருத்தி வரைய வேண்டியிருந்தது. ஆயினும் 1975இன் திருத்தங்களில் மக்களின் அன்றாட வாழ்வை அதிகம் தொட்டது இதுதான் என்று சொல்லலாம். சரகத் தலைவருக்கும் துப்புரவுக் கண்காணிப்பாளருக்கும் பூங்கா மேலாளருக்கும் ஒரே ஊர் என்றான பிறகு, 'அது என் எல்லையில் வராது' என்ற பதில் செல்லாமல் போனது.

இந்த அதிகாரிகள் வட்டார மேலாளரோடு கூடும் கூட்டத்துக்குச் சேவைக் குழு என்று பெயர். ஒரு பூங்காவின் விளக்குகள் எரிவதில்லை, இரவில் அங்கே வழிப்பறி நடக்கிறது, காலையில் குப்பை கிடக்கிறது என்றால், பழைய முறையில் அவை மூன்று துறைகளுக்குப் போகும் மூன்று மனுக்கள். சேவைக் குழுவில் அது ஒரே பூங்காவின் ஒரே பிரச்சினை. பொதுப் பாதுகாப்பு என்பதன் பெரும்பகுதி காவலரின் கையில் இல்லை, விளக்கிலும் வெட்டாத புதரிலும் பூட்டிக் கிடக்கும் கட்டடத்திலும் இருக்கிறது என்பதை இந்த ஏற்பாடு நடைமுறையில் ஒப்புக்கொள்கிறது. வரவு செலவிலும் இதே தத்துவம் உண்டு. ஆண்டுதோறும் வாரியம் தன் வட்டாரத் தேவைகளை அறிக்கையாக எழுதி, முதலீட்டுப் பணிகளில் 40 வரையிலும் நடப்புச் செலவில் 25 வரையிலும் வரிசைப்படுத்திக் கோருகிறது. துறைகள் ஒவ்வொரு கோரிக்கைக்கும் எழுத்தில் பதில் தர வேண்டும். அந்தப் பதில்கள் வெளியிடப்படுகின்றன. 'நிதி இல்லை' என்பதே பதிலாக வரலாம். ஆனால் எழுதி வெளியிட்ட மறுப்பை அடுத்த ஆண்டு எடுத்துக் காட்டலாம். வாயால் சொன்ன மறுப்பை அப்படிக் காட்ட முடியாது.

நிலப் பயன்பாட்டில் வாரியத்துக்குக் கிடைத்தது கால வரம்பு. 1975இல் வந்த சீரான ஆய்வு நடைமுறைப்படி, நில வகைப்பாட்டை மாற்றும் விண்ணப்பம் எதுவும் முதலில் வாரியத்துக்கு வர வேண்டும். 60 நாளுக்குள் அது கருத்துச் சொல்ல வேண்டும். பல் இல்லை என்ற குற்றச்சாட்டு இங்கேதான் கூர்மையடைகிறது. மன்ஹாட்டன்வில்லில் கொலம்பியா பல்கலைக்கழகம் தன் வளாகத்தை விரிக்க முனைந்தபோது, 2007 ஆகஸ்டில் மன்ஹாட்டனின் 9ஆம் வாரியம் 32க்கு 2 என்ற வாக்கில் எதிர்த்தது. அவ்வாண்டு முடிவதற்குள் நகர மன்றம் திட்டத்தை ஏற்றுவிட்டது. இதை மழுப்ப முடியாது: பெரும் முதலீட்டுக்கு முன்னால் ஆலோசனை தோற்கும். ஆனால் இதற்கு மருந்து தடுக்கும் அதிகாரம்தானா என்பது வேறு கேள்வி. 59 வாரியங்களுக்கும் தடுக்கும் அதிகாரம் இருந்தால் குப்பைக் கிடங்கையோ வீடற்றோர் காப்பகத்தையோ எந்த வட்டாரமும் ஏற்காது. வாஷிங்டன் நகரம் இடைப்பட்ட ஒரு வழியைக் கண்டது. 1973இன் தன்னாட்சிச் சட்டத்திலிருந்து பிறந்த அதன் குடியிருப்பு ஆலோசனை ஆணையங்கள், சுமார் 2000 பேருக்கு ஒருவர் என்ற கணக்கில் தேர்தல் மூலம் அமைகின்றன. அவற்றின் கருத்துக்கு அரசு அமைப்புகள் 'பெரும் எடை' தர வேண்டும் என்பது சட்டம். கருத்தை நிராகரிக்கும் அமைப்பு, ஆணையம் சொன்ன ஒவ்வொரு காரணத்தையும் எடுத்து, ஏன் ஏற்கவில்லை என்று எழுத வேண்டும். நியூயார்க் தன் சேவைகளில் செய்ததை வாஷிங்டன் முடிவுகளிலும் செய்திருக்கிறது. நியூயார்க் கடன் வாங்கத் தக்கது இது.

இதைவிட வலுவான ஆட்சேபம், வாரியத்தில் இருப்பவர்கள் யார் என்பது. நியமனம் பெற்றவர்கள், மாலை நேரத்தை ஒதுக்கக்கூடியவர்கள், பெரும்பாலும் வயதில் மூத்தவர்கள், நெடுநாள் குடியிருப்பவர்கள். இந்த ஆட்சேபம் பாதுகாப்பு விஷயத்தில்தான் மிகவும் சுடுகிறது. 2011இல் நகரக் காவல்துறை 6,85,724 முறை மக்களைத் தெருவில் நிறுத்தி விசாரித்தது; நிறுத்தப்பட்டவர்களில் மிகப் பெரும்பான்மையினர் கறுப்பினத்தவரும் லத்தீன் இனத்தவரும். 2013 ஆகஸ்டில் கூட்டாட்சி நீதிமன்றம் அந்த நடைமுறை அரசியலமைப்புக்கு முரணானது என்று தீர்ப்பளித்தது. நிறுத்தப்பட்டவர்களின் குறை தீர்ந்தது நீதிமன்றத்தில். சரகத் தலைவர் வந்து உட்காரும் மாதாந்தர மேசையில் அல்ல. புகார் சொல்பவரை மையமாகக் கொண்ட எந்த அமைப்பும் ரோந்தைக் கூட்டச் சொல்வோரின் குரலை எளிதில் கேட்கும். அந்த ரோந்தில் மாட்டிக்கொள்வோரின் குரலை எளிதில் கேட்காது. இது வாரியத்தின் அமைப்பிலேயே உள்ள குறை, மறைப்பதில் பயனில்லை. 2014இல் மாநிலச் சட்டம் 16, 17 வயதினரையும், ஒரு வாரியத்துக்கு இருவர் வரை, உறுப்பினராக்க வழி செய்தது. சரியான திசைதான், சின்ன அடிதான். தேர்தல் வைத்தால் தீருமே என்பார்கள். வாஷிங்டனில் தேர்தல் உண்டு; ஆனால் பல தொகுதிகளில் ஒருவர் மட்டுமே நிற்கிறார். வேலை முடிந்து இரவில் வீடு திரும்பும் தாய்க்குத் தேர்தலும் நியமனமும் ஒன்றுதான். கூட்ட நேரத்தையும் மொழிபெயர்ப்பையும் குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆளையும் தந்தால்தான் அவர் வருவார்.

வாரியங்கள் எல்லா மாற்றத்துக்கும் முட்டுக்கட்டை என்பது மற்றொரு குறை. பல வாரியங்கள் காப்பகங்களை எதிர்த்ததும் வீடுகள் கட்டுவதைச் சுருக்கச் சொன்னதும் உண்மை. ஆனால் புரூக்ளினின் பிராஸ்பெக்ட் பார்க் வெஸ்ட் சாலையில் 2010இல் போடப்பட்ட, பெரும் சண்டைக்கும் வழக்குக்கும் உள்ளான மிதிவண்டித் தடத்தைக் கேட்டது அந்த வட்டாரத்தின் 6ஆம் வாரியமே. வாகன வேகம் பற்றிய புகார்களை ஆண்டுக்கணக்கில் கேட்டவர்கள் அவர்கள்.

2003இல் வந்த 311 தொலைபேசிச் சேவைக்குப் பின் வாரியம் எதற்கு என்ற கேள்வியும் எழுந்தது. குழி விழுந்த சாலையைச் சொல்ல இன்று வட்டார மேலாளர் தேவையில்லை. ஆனால் 311 ஒவ்வொரு புகாரையும் தனித்தனியே வாங்கித் தனித்தனியே முடிக்கிறது. நூறு குழிகளில் எதை முதலில் மூடுவது, அதற்காக எந்தப் பூங்காவின் வேலையைத் தள்ளிவைப்பது என்ற வழக்கை அது விசாரிப்பதில்லை.

அண்மை மாற்றங்கள் இரண்டு. 2018 நவம்பரில் வாக்காளர்கள் உறுப்பினர் பதவிக்குத் தொடர்ச்சியாக எட்டு ஆண்டு வரம்பு விதித்தார்கள். நில விதிகளை நுணுகி அறிந்த மூத்தவர்கள் போய்விட்டால் கட்டுமான நிறுவனங்களின் வழக்கறிஞர்களுக்கு ஈடுகொடுப்பது யார் என்று கேட்டு எதிர்த்தவர்கள் இருந்தார்கள். அந்தக் கவலை நியாயமானது. 2025 நவம்பரில் வீட்டுத் திட்டங்களை விரைவுபடுத்தும் நடைமுறைகள் ஏற்கப்பட்டன. அவற்றிலும் வாரியத்தின் 60 நாள் அப்படியே இருக்கிறது. ஆனால் சில வகைத் திட்டங்களில் இறுதி முடிவு நகர மன்றத்திடமிருந்து வேறு அமைப்புகளுக்குப் போகிறது. தங்கள் எதிர்ப்பை அப்பகுதி மன்ற உறுப்பினர் வழியாக வாக்காக மாற்றிக்கொண்டிருந்த வாரியங்கள், அத்தகைய திட்டங்களில் இனித் தங்கள் காரணங்களின் வலுவை மட்டுமே நம்ப வேண்டும். அந்தக் காரணங்களுக்கு எழுத்தில் பதில் தரும் கடமையைப் புதிய நடைமுறையிலும் சேர்ப்பதே சாசனம் அடுத்து செய்ய வேண்டிய வேலை.