இரண்டு வருட அட்டை

"நர்சிங் வரலாறு பத்தி ஏதாவது எழுதிக் கொடுங்கக்கா" என்று மலர்க்குழுவில் இருக்கும் தங்கைகள் கேட்டபோது, நைட்டிங்கேல் அம்மையாரின் விளக்கைப் பற்றி எழுதிவிடலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் வருடா வருடம் மே 12-ம் தேதி அதைக் கேட்டுக் கேட்டு நமக்கெல்லாம் காது புளித்துவிட்டது. ஆகவே, இன்றைக்கு நம் மாணவிகள் சர்டிபிகேட் ஃபைலில் முதல் பக்கத்தில் வைத்துக்கொண்டு இன்டர்வியூவுக்குப் போகிறார்களே, அந்த பி.எல்.எஸ்., ஏ.சி.எல்.எஸ். அட்டையின் கதையைச் சொல்கிறேன். இப்போது அது பெரும்பாலும் கம்ப்யூட்டர் வழியாகத்தான் வருகிறது. இருந்தாலும் "கார்டு வாங்கிட்டியா?" என்றுதான் கேட்கிறோம்.

நின்றுபோன இதயத்தை மறுபடி ஓடவைக்க வேண்டுமென்றால் மார்பைத் திறந்து, கையை உள்ளே விட்டுப் பிசைய வேண்டும் என்பதுதான் 1960 வரை மருத்துவ உலகின் வழக்கம். அதை மாற்றியவர்களில் மூத்தவர் டாக்டரே அல்ல, ஒரு எலெக்ட்ரிகல் இன்ஜினியர். அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் வில்லியம் கவன்ஹோவனும் அவரிடம் வேலை செய்த கை நிக்கர்பாக்கரும் நாய்களை வைத்து மின் அதிர்ச்சி பற்றி ஆராய்ந்தார்கள். அதிர்ச்சி கொடுக்கும் தட்டை மார்பில் அழுத்தியவுடனே, கரண்ட் பாய்வதற்கு முன்பே, ரத்த அழுத்தம் ஏறுவதை அவர்கள் கவனித்தார்கள். அறுவை மருத்துவர் ஜேம்ஸ் ஜூட் சேர்ந்துகொள்ள, 1960-ல் மூவர் பெயரிலும் கட்டுரை வந்தது. வாயோடு வாய் வைத்து ஊதுவதைப் பீட்டர் சஃபாரும் ஜேம்ஸ் ஈலமும் 1950-களின் கடைசியிலேயே நிரூபித்திருந்தார்கள். இரண்டும் சேர்ந்ததுதான் சி.பி.ஆர்.

நாம் அழுத்திப் பழகும் பொம்மையும் அதே 1960-ல் வந்ததுதான். நார்வே நாட்டில் ஸ்டவாங்கர் ஊரில் பொம்மை செய்துவந்த ஆஸ்முன்ட் லேர்டால் செய்தது. பாரிஸில் சீன் நதியில் கிடைத்த ஊர் பேர் தெரியாத பெண்ணுடையது என்று சொல்லப்படும் முகத்தின் வார்ப்பைத்தான் அதற்கு வைத்தார். வகுப்பில் பொம்மையைப் பார்த்துச் சிரிக்கும் பிள்ளைகளுக்கு இதைச் சொன்னால் கொஞ்ச நேரம் வாயடைத்துப் போவார்கள்.

சரி, நர்ஸ் எங்கே வந்தாள்? வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். ஆரம்பத்தில் மின் அதிர்ச்சி கொடுப்பது டாக்டரின் வேலை. நர்ஸ் மெஷினைத் தள்ளிக்கொண்டு வரலாம், அவ்வளவுதான். 1960-களின் முதல் பாதியில் பிலடெல்பியாவில் லாரன்ஸ் மெல்ட்ஸர் என்ற டாக்டர் ஒரு சின்னக் கணக்குப் போட்டார். மாரடைப்பு வந்தவரின் இதயத் துடிப்பு தாறுமாறானால் கையில் இருப்பது சில நிமிடங்கள். டாக்டர் வருவதற்குள் அது முடிந்துவிடும். கட்டிலுக்குப் பக்கத்தில் இருப்பவர் நர்ஸ். எனவே இ.சி.ஜி. பார்த்து முடிவெடுப்பதையும் ஷாக் கொடுப்பதையும் அவருக்கே கற்றுக்கொடுத்துவிட வேண்டும். ரோஸ் பினியோ என்ற நர்ஸும் அவரும் இன்னொரு மருத்துவரும் சேர்ந்து 1965-ல் நர்ஸுகளுக்கென்றே ஒரு கையேடு வெளியிட்டார்கள். டாக்டருக்கும் நர்ஸுக்கும் நடுவே இருந்த கோடு அங்கேதான் நகர்ந்தது. 1966-ல் அமெரிக்காவில் சி.பி.ஆருக்கு முதல் பொது விதிமுறைகள் வந்தன. 1974-ல் வெளியான விதிமுறைகளில் மருந்தும் ஷாக்கும் சேர்ந்த மேல்நிலைப் பயிற்சியும், பொதுமக்களுக்கான பயிற்சியும் இடம்பெற்றன.

இனி நம் திண்டுக்கல் பக்கம். "டாக்டர் இல்லாத இடத்தில் நர்ஸ்தான்" என்ற சிந்தனை நமக்குப் பிலடெல்பியாவிலிருந்து இறக்குமதி ஆகவில்லை. டெல்லி லேடி ஹார்டிஞ்ச் கல்லூரியில் 1936-ல் டாக்டர் பட்டம் பெற்ற சௌந்திரம் அம்மா, கணவர் ஜி. ராமச்சந்திரனோடு சின்னாளபட்டி அருகே 1947-ல் காந்திகிராமத்தைத் தொடங்கினார். அங்கே கஸ்தூர்பா மருத்துவமனையும் பிறகு கிராமச் சுகாதாரப் பயிற்சியும் வளர்ந்தன. ஒட்டன்சத்திரத்தில் 1955-ல் டாக்டர் தாரியனும் டாக்டர் ஜேக்கப் செரியனும் கிறிஸ்தவ ஐக்கிய மருத்துவமனையைத் தொடங்கினார்கள். நம் சமவெளியில் இரவு பிரசவங்களைத் தனியாகப் பார்த்த கிராம செவிலியர்கள் எத்தனை பேர்! பிறந்த குழந்தை அழவில்லை என்றால், துடைத்து, சூடு கொடுத்து, முதுகைத் தேய்த்து, அப்புறமும் மூச்சு வராவிட்டால் பையை வைத்து ஊத வேண்டும். ஆக, நம் ஊர் நர்ஸுக்கு முதல் 'லைஃப் சப்போர்ட்' மாரடைப்புக்காரருக்கு அல்ல, பச்சைக் குழந்தைக்குத்தான். அந்தக் கைவைத்தியத்துக்கு முறையான பயிற்சி பிறகுதான் வந்தது. இந்தியாவில் பச்சிளங்குழந்தை மருத்துவர்களின் அமைப்பு அந்தப் பயிற்சியை 1990-ல் ஆரம்பித்தது. மத்திய அரசின் நவஜாத சிசு பாதுகாப்புத் திட்டம் 2009-ல் அதைப் பிரசவம் பார்க்கும் நர்ஸுகளிடம் கொண்டுபோனது.

நான் 1980-களில் படித்தபோது எங்களுக்குச் சொன்னது 15 அழுத்து, 2 ஊது. இரண்டு பேர் இருந்தால் 5-க்கு 1. முதலில் மூச்சுப்பாதை, அடுத்து மூச்சு, கடைசியில் ரத்த ஓட்டம் என்று ஏ-பி-சி. 2005-ல் அது 30-க்கு 2 ஆனது. 2010-ல் வரிசையே தலைகீழாகி, பெரியவர்களுக்கு அழுத்துவதுதான் முதல் வேலை என்று வந்தது. 2015-லிருந்து நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, 5 முதல் 6 செ.மீ. ஆழம். சீனியர்களைக் கேட்டுப் பாருங்கள், புதுசாகப் படிப்பதைவிடப் படித்ததை மறப்பதுதான் கஷ்டமாக இருந்தது என்பார்கள். அமெரிக்க இதயச் சங்கத்தின் அட்டைக்கு இரண்டு வருட ஆயுள் வைத்திருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

தமிழ்நாட்டில் 2008 செப்டம்பரில் 108 ஆம்புலன்ஸ் வந்த பிறகுதான் சாதாரண ஜனங்கள் "வழியிலேயே மூச்சு கொடுத்தாங்க" என்று பேச ஆரம்பித்தார்கள். 2017-ல் விபத்து மற்றும் அவசர சிகிச்சைக்கென்று 'டேய்' திட்டம் தொடங்கியது. அதே ஆண்டு இந்திய மயக்கவியல் மருத்துவர்கள் நம் நாட்டுக்கென்றே வழிமுறைகளை வெளியிட்டார்கள். பொதுமக்களுக்கு ஊதவே வேண்டாம், அழுத்தினால் போதும் என்பது அதன் சிறப்பு. இந்திய நர்சிங் கவுன்சில் 2021-ல் திருத்திய பி.எஸ்ஸி. பாடத்திட்டத்தில் அடிப்படை உயிர்காப்புப் பயிற்சியைக் கட்டாயமாக்கியது. 2022 ஜனவரியில் திண்டுக்கல்லுக்கே அரசு மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. எல்லாம் நல்ல செய்திதான்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். இந்த அட்டையை ஆசையாக வாங்குகிறவர்கள் யார்? வளைகுடாவுக்கும் லண்டனுக்கும் போகிறவர்கள். அங்கே விளம்பரத்திலேயே கேட்கிறார்கள். இங்கேயே இருந்து, இருபது படுக்கை நர்சிங் ஹோமில் ராத்திரி தனியாக டூட்டி பார்க்கும் பெண்ணிடம் யாரும் கேட்பதில்லை. அவளும் ஃபீஸ் கட்டி, இரண்டு நாள் லீவு போட்டு, மதுரைக்கோ சென்னைக்கோ போய்வர வேண்டும். உச்ச நீதிமன்றத்தின் 2016-ம் ஆண்டுத் தீர்ப்பையொட்டி அமைத்த குழு, 50 படுக்கைக்குக் குறைந்த தனியார் மருத்துவமனையிலும் நர்ஸுக்கு மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையாமல் தரச் சொன்னது. நம் ஊரில் எத்தனை பேர் அதைக் கண்ணால் பார்த்தார்கள் என்று மறு சந்திப்பில் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்ளுங்கள். கூடவே பெரிய டாக்டர்கள் நிறைந்த ஐ.சி.யு.வில் அட்டை இருக்கிறது, டாக்டர் வீட்டில் தூங்கும் இடத்தில் அட்டை இல்லை. மெல்ட்ஸர் போட்ட கணக்குக்கு இது நேர் எதிர்.

அட்டை வாங்கியவர்களும் நிம்மதியாக இருந்துவிட முடியாது. பயிற்சி முடிந்த மூன்று முதல் ஆறு மாதத்துக்குள்ளேயே கை மறக்கத் தொடங்குகிறது என்று ஆய்வுகள் சொல்கின்றன. அட்டையில் தேதி இருக்கும், கையில் பலம் இருக்காது. அழுத்தாமல் விடும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் குறைகிறது. அந்த நேரத்தில் புத்தகம் புரட்ட முடியாது.

ஆகவே சங்கத்தின் முன் ஒரு வேண்டுகோள். இந்த வருட நிதியில் பெரியவர் பொம்மை இரண்டும், குழந்தைப் பொம்மை ஒன்றும் வாங்கிக் கல்லூரி லேபில் வைப்போம். பூட்டி வைக்காமல், மூன்று மாதத்துக்கு ஒரு ஞாயிறு மதியம் லேபைத் திறந்துவிட்டால் போதும். இன்ஸ்ட்ரக்டர் தகுதி உள்ள நம் பழைய மாணவிகள் நாலு பேர் முறை போட்டு வந்து நிற்கலாம். வேடசந்தூரிலிருந்தோ, நிலக்கோட்டையிலிருந்தோ, வத்தலக்குண்டிலிருந்தோ நைட் டூட்டி முடித்துவரும் தங்கை பஸ் காசு மட்டும் செலவழித்து வந்து, இரண்டு நிமிடம் அழுத்திப் பார்த்துவிட்டு, சாயங்கால பஸ்ஸிலேயே திரும்பிவிடலாம். முதல் ஞாயிறுக்கு என் பெயரை எழுதிக்கொள்ளுங்கள்.