காறல் எண்ணெயும் எமது கலங்களும்

வவுனியாவிலிருந்து கிளிநொச்சிவரை, ஏ-9 வீதியோரத் தேநீர்க் கடைகள் பலவற்றில் நேற்று வடை பொரித்த எண்ணெய் இன்றும் தாச்சியில் ஏறும். எண்ணெய் விற்கும் விலையில் குறைசொல்லவும் முடியாது. ஆனால் சூட்டில் ஒட்சிசனோடு சேர்ந்து கொழுப்புப் பழுதாகும்போது அல்டிகைட்டுகள் உருவாகின்றன. காறல் மணம் பெரும்பாலும் அவற்றினுடையதே.

எமது கலங்களின் மென்சவ்வும் கொழுப்பாலானதுதான். அங்கும் இதே ஒட்சியேற்றம் நடக்கிறது: பழுதான ஒரு மூலக்கூறு அடுத்ததைப் பழுதாக்க, மென்சவ்வு கசியத் தொடங்கும். குருதியிலுள்ள எல்.டி.எல். கொழுப்பு இப்படி ஒட்சியேறினால் நாடிச் சுவரில் படிந்து மாரடைப்புக்கு வழிவகுக்கும். புகைத்தலும் நீரிழிவும் இதை விரைவுபடுத்தும்; பழுதான எண்ணெயும் சுமையைக் கூட்டும். இந்தத் தொடரை அறுக்கும் விற்றமின் ஈ, வன்னியில் விளையும் கச்சானில் உண்டு.

தேங்காய் எண்ணெயில் ஏறக்குறைய 90 சதவீதம் நிரம்பிய கொழுப்பு. இலகுவில் காறாது, ஆனால் எல்.டி.எல்.ஐக் கூட்டும். சூரியகாந்தி எண்ணெய் விரைவில் பழுதாகும். கறுத்து நுரைக்கும் எண்ணெயில் புதியதை ஊற்றாதீர்கள். புதியதும் விரைவாகக் கெட்டுவிடும்.