ஒரு தள்ளுவண்டி, ஒரு மண்வெட்டி, கிட்டத்தட்ட நாற்பது வருஷம்!

உங்களுக்கு ஒரு வேலை தருகிறேன், பார்க்கிறீர்களா?

கடற்கரையை ஒட்டி ஒரு பெரிய புல்வெளி. அதை நீங்கள் பராமரிக்க வேண்டும். சம்பளம் வருஷத்துக்கு 50 பவுண்டு. பராமரிப்புச் செலவுக்குத் தனியாக 20 பவுண்டு. கருவிகள்? ஒரு தள்ளுவண்டி, ஒரு மண்வெட்டி, ஒரு மண்வாரி. அவ்வளவுதான்! மண் சுமப்பது மாதிரி கடினமான வேலைக்கு வாரத்தில் இரண்டு நாள் மட்டும் ஒரு கூலியாள். புல்வெளிக்கு வேலி கிடையாது. ஊர் ஜனங்கள் இஷ்டத்துக்கு நடப்பார்கள், ஓடையில் துணி துவைத்துப் புல் மேல் காயப் போடுவார்கள். கனவான்கள் கோலைச் சுழற்றிப் புல்லைப் பெயர்த்துப் போடுவார்கள். யாரையும் நீங்கள் வெளியே போகச் சொல்ல முடியாது.

'ஆளை விடு சாமி' என்கிறீர்களா? 1864-ல் ஒருத்தர் சரி என்றார். 1903 வரை அந்த வேலையை விடவில்லை. அவர் பெயர் டாம் மாரிஸ். ஊர் ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ். புல்வெளியின் பெயர் 'ஓல்டு கோர்ஸ்'. கோல்ஃப் ஆடுகிறவர்கள் ஆயுளில் ஒரு தடவையாவது கால் வைக்க வேண்டும் என்று ஏங்குகிற இடம்!

கோல்ஃப் என்றாலே நமக்கு ஓர் எரிச்சல் உண்டு. பெரிய காம்பவுண்டு சுவர், வாசலில் செக்யூரிட்டி, உள்ளே பச்சைப்பசேல் என்று ஏக்கர் கணக்கில் நிலம், அதில் நாலு பணக்காரர்கள். இந்தியாவுக்கு இந்த விளையாட்டு வந்ததே அப்படித்தான். 1829-லேயே கல்கத்தாவில் வெள்ளைக்காரர்கள் கிளப் தொடங்கிவிட்டார்கள். ஆனால், பிறந்த வீட்டில் கோல்ஃபின் கதை வேறு. அங்கே அது ஊர்ப் பொதுநிலத்தில் வளர்ந்த விளையாட்டு. கடலுக்கும் விளைநிலத்துக்கும் நடுவே, மணல் மேடும் முரட்டுப் புல்லுமாக, உழவுக்கு உதவாத நிலம் இருக்கும். அதை 'லிங்க்ஸ்' என்பார்கள். நம்ம ஊர் மேய்ச்சல் புறம்போக்கு மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆடு மேயும், முயல் ஓடும், பக்கத்திலேயே பந்தும் உருளும்.

புறம்போக்கு என்றால் தகராறு இல்லாமலா? 1797-ல் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரசபை கடனில் மூழ்கியது. லிங்க்ஸ் நிலம் கைமாறி, முயல் வளர்க்கும் வியாபாரிகளிடம் போய்ச் சேர்ந்தது. ஒரு பக்கம் முயல்கள் வளை தோண்டுகின்றன. இன்னொரு பக்கம் கோல்ஃப்காரர்கள் குதிக்கிறார்கள். அடிதடி, கோர்ட், வழக்கு என்று இருபது வருஷத்துக்கு மேல் இழுத்தது. கடைசியில், 1821-ல் ஜேம்ஸ் சீப் என்ற நிலப்பிரபு நிலத்தை வாங்கினார். அவரும் கோல்ஃப் பிரியர் என்பதால் மைதானம் பிழைத்தது. அதே 1821-ல், ஜூன் 16-ம் தேதி, அதே ஊரில்தான் டாம் மாரிஸ் பிறந்தார். மைதானத்துக்கு மறுபிறவியும், அதைக் காக்கப்போகிறவருக்குப் பிறவியும் ஒரே வருஷத்தில்!

பையன் டாம், ஆலன் ராபர்ட்சன் என்பவரிடம் பந்து செய்யும் தொழில் கற்கப் போனான். அந்தக் காலத்துப் பந்து எப்படி இருக்கும் தெரியுமா? தோலைப் பைபோலத் தைத்து, அதற்குள் ஒரு தொப்பி நிறைய வேகவைத்த இறகைத் திணித்து இறுக்குவார்கள். (நம்ம ஊர் இறகுப்பந்து வேறு, குழம்பிவிடாதீர்கள்!) கை தேர்ந்தவரே ஒரு நாளைக்கு மூன்று, நான்குதான் செய்ய முடியும். அதனால் விலையும் அதிகம். ராபர்ட்சன்தான் அந்தத் தொழிலில் ராஜா. ஆட்டத்திலும் அவர்தான் ராஜா.

1848 வாக்கில் வந்தது வினை. மலேயா காட்டு மரப்பாலில் இருந்து கிடைக்கும் 'கட்டாபெர்ச்சா' என்ற பிசினில் பந்து செய்யலாம் என்று கண்டுபிடித்துவிட்டார்கள். வெந்நீரில் போட்டால் இளகும், உருட்டினால் உருளும், ஆறினால் கல். விலையோ மலிவு. ராபர்ட்சனுக்கு வயிறு எரிந்தது. ஒருநாள் டாம் ஆடும்போது கையில் இருந்த இறகுப் பந்தெல்லாம் தீர்ந்துவிட, கூட ஆடியவரிடம் ஒரு புதுப்பந்தை வாங்கி அடித்தார். அதை முதலாளி பார்த்துவிட்டார். நடு மைதானத்தில் சண்டை! இருவரும் பிரிந்தார்கள். (ராபர்ட்சனும் பிற்பாடு அந்தப் பந்துக்கே மாறினார் என்பது வேறு விஷயம். காலத்தோடு யார் மல்லுக்கட்ட முடியும்?)

1851-ல் டாம் குடும்பத்தோடு ஸ்காட்லாந்தின் மேற்குக்கரைக்குப் போனார். பிரெஸ்ட்விக் என்ற இடத்தில் புதிதாக ஒரு கிளப். அங்கே வாரம் 15 ஷில்லிங் சம்பளத்துக்கு மைதானக் காப்பாளர் வேலை. மணல்மேடுகளுக்கு நடுவே 12 குழிகள் கொண்ட மைதானத்தை அவரே அமைத்தார். 1860-ல் அங்கேதான் 'ஓப்பன்' போட்டி பிறந்தது. ராபர்ட்சன் அதற்கு முந்தைய வருஷம் இறந்துவிட்டதால், அடுத்த ராஜா யார் என்று பார்க்க நடந்த போட்டி. மொத்தமே எட்டுப் பேர். பரிசுப் பணம் கிடையாது, ஒரு சிவப்புத் தோல் பெல்ட் மட்டும். டாம் இரண்டாம் இடம்தான். ஆனால் 1861, 1862, 1864, 1867 என்று நான்கு தடவை ஜெயித்தார். 1862-ல் 13 அடிகள் வித்தியாசத்தில் வென்றாரே, பெரிய போட்டிகளில் அந்தச் சாதனையை முறியடிக்க 2000-ம் வருஷம் டைகர் உட்ஸ் வர வேண்டியிருந்தது!

இவ்வளவு பெரிய ஆட்டக்காரரைத்தான் 1864-ல் சொந்த ஊர் திரும்ப அழைத்தது, தள்ளுவண்டியும் மண்வெட்டியும் கொடுத்து. அவரும் சந்தோஷமாகவே வந்தார்.

வந்து பார்த்தால் மைதானம் பரிதாபமாகக் கிடந்தது. ஆட்டத்தை எங்கிருந்து தொடங்குவார்கள் தெரியுமா? போன குழியின் பக்கத்திலேயே, சில கோல் நீளத் தூரத்தில்! பந்தை உயர்த்தி வைக்கக் கொஞ்சம் மணல் வேண்டும். அதையும் அந்தக் குழிக்குள் கை விட்டே எடுப்பார்கள். சாயங்காலத்துக்குள் குழி கிணறாகிவிடும். சுற்றியுள்ள புல் நசுங்கிச் சேறாகிவிடும். போதாக்குறைக்கு, போகிறவர்களும் திரும்பி வருகிறவர்களும் ஒரே புல்தரையை நோக்கி ஆடுவார்கள். மண்டை உடையாமல் இருந்தால் அதிர்ஷ்டம்!

டாம் ஒவ்வொன்றாகச் சரி செய்தார். ஆட்டம் தொடங்க தனி மேடைகள் வந்தன. குழியின் விளிம்பு இடிந்து விழாமல் இருக்க உள்ளே உலோக வளையம் இறங்கியது. முட்புதர்களை வெட்டிப் பாதையை அகலமாக்கினார். குழியைச் சுற்றியிருக்கும் மெத்தென்ற புல்தரையை 'கிரீன்' என்பார்கள். 1870 வாக்கில் முதல் குழிக்கென்று புது கிரீன் ஒன்றை உருவாக்கினார். இதனால் மைதானத்தை இடமிருந்து வலமாகவும் சுற்றலாம், வலமிருந்து இடமாகவும் சுற்றலாம். திசையை மாற்றி மாற்றி ஆடவிட்டால், ஒரே இடத்துப் புல் மிதிபடாமல் மூச்சு வாங்கிக்கொள்ளும். 18-வது குழியின் கிரீனும் அவர் கைவேலைதான்.

இன்றைக்கும் அங்கே 14 குழிகள் இரண்டிரண்டாக ஒரே கிரீனைப் பங்கு போட்டுக்கொள்கின்றன. வேடிக்கையைக் கேளுங்கள். பங்காளிக் குழிகளின் எண்களைக் கூட்டினால் எப்போதும் 18 வரும். 2-ம் 16-ம், 3-ம் 15-ம்... மீதியை நீங்களே கூட்டிப் பாருங்கள்.

அவருடைய பெரிய வித்தை என்னவோ மணல்தான். கிரீனில் தள்ளுவண்டியில் இருந்து மணல் கொட்டிப்போய், கொட்டிய இடத்தில் புல் செழித்ததைக் கவனித்தார் என்று ஒரு கதை சொல்வார்கள். கதை எப்படியோ, விஷயம் நிஜம். புல் மேல் மெல்லிசாக மணல் தூவினால் மேடுபள்ளம் நிரம்பும், மழைத்தண்ணீர் தேங்காது, மக்கிய புல் அடைத்துக்கொள்ளாது, தரை கெட்டியாக இருக்கும். உதவியாளைப் பார்த்து 'இன்னும் மணல், இன்னும் மணல்' என்பதே மனுஷரின் மந்திரம். இன்று கோடிக்கணக்கில் செலவழிக்கும் கோல்ஃப் மைதானங்களும் மெஷின் வைத்துச் செய்வது இதே மணல் தூவலைத்தான்.

இன்னொரு பிடிவாதம், ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் கூடாது. சர்ச்சில் மூப்பராக இருந்தவர், அதனால் பக்தியும் உண்டு. ஆனால் ஆடியே தீருவேன் என்று வந்தவர்களுக்கு அவர் சொன்ன காரணம் வேறு. உங்களுக்கு ஓய்வு தேவையில்லாமல் இருக்கலாம், புல்லுக்குத் தேவை என்பாராம். தனக்கும் ஓர் ஒழுங்கு வைத்திருந்தார். குளிர்காலத்திலும் காலையில் கடலில் ஒரு முழுக்கு!

இனிமேல் வருவது கொஞ்சம் கனமான பகுதி.

டாமின் மூத்த பிள்ளை நான்கு வயதில் 1850-ல் இறந்துபோனான். அடுத்து 1851-ல் பிறந்த மகனுக்கும் டாம் என்றே பெயர் வைத்தார்கள். இந்தச் சின்ன டாம் ஒரு மகா மேதை. 1868-ல் 17 வயதில் ஓப்பன் ஜெயித்தான். இரண்டாம் இடம் யாருக்கு? அப்பாவுக்கு! 1869, 1870-லும் வரிசையாக ஜெயித்து, விதிப்படி பெல்ட்டை வீட்டுக்கே கொண்டுபோய்விட்டான். 1871-ல் கொடுக்கப் பரிசு இல்லாமல் போட்டியே நடக்கவில்லை. 1872-ல் மறுபடி அவனே.

1875 செப்டம்பரில் அப்பாவும் மகனும் நார்த் பெர்விக்கில் ஒரு பந்தய ஆட்டத்தில் இருந்தார்கள். சின்ன டாமின் மனைவி ஊரில் நிறைமாத கர்ப்பிணி. இன்னும் இரண்டு குழிகள் பாக்கி இருக்கும்போது தந்தி வந்தது, பிரசவத்தில் சிக்கல், உடனே வரவும் என்று. அப்பா படித்தார். ஆட்டம் முடியும் வரை மகனிடம் காட்டாமல் வைத்துக்கொண்டார் என்கிறார்கள். பிறகு ஒரு படகில் வளைகுடாவைக் கடந்து விரைந்தார்கள். பயனில்லை. தாயும் சேயும் போய்விட்டார்கள்.

அந்தத் தந்தியை உடனே காட்டியிருந்தால் எதுவும் மாறியிருக்குமா? அநேகமாக மாறியிருக்காது. ஆனால் ஓர் அப்பாவுக்கு அந்தக் கணக்கெல்லாம் ஆறுதல் தருமா என்ன? மூன்று மாதம் கழித்து, கிறிஸ்துமஸ் அன்று சின்ன டாமும் இறந்தான். வயது 24. மறு வருஷம் டாமின் மனைவி. பிறகு 1893, 1898, 1906 என்று மிச்சமிருந்த மூன்று பிள்ளைகளும் ஒவ்வொருவராக. அத்தனை பேரையும் அனுப்பிவிட்டுக் கிழவர் தனியாக நின்றார்.

சின்ன டாம் போன பிறகும் 28 வருஷம் அந்த வேலையில் இருந்தார் என்பதைக் கவனியுங்கள். புல்லுக்கு நம் துக்கம் தெரியாது. அது பாட்டுக்கு வளரும், காயும், மணல் கேட்கும். சில சமயம் மனுஷனைப் பிடித்து நிறுத்துவது அப்படியொரு வேலைதான்.

கனவான்களின் கிளப்பில் அவர் சம்பளக்காரர்தான். காசுக்கு ஆடுகிற தொழில்முறை ஆட்டக்காரர்களுக்கு அங்கே உறுப்பினர் இடம் கிடையாது. வெளியூர்களில் புது மைதானம் அமைத்துக் கொடுக்க அவர் வாங்கியது ஒரு நாளைக்கு ஒரு பவுண்டும் வழிச்செலவும். டார்னாக், மியூர்ஃபீல்டு, அயர்லாந்தில் லஹிஞ்ச் என்று இன்று உலகம் கொண்டாடும் மைதானங்கள் அப்படி வந்தவை. 1903-ல் ஓய்வு பெற்றபோது, கிளப் அவருடைய ஓவியத்தை சர் ஜார்ஜ் ரீட் என்ற ஓவியரைக் கொண்டு வரையச் செய்து கட்டடத்துக்குள் மாட்டியது. உறுப்பினராக நுழைய முடியாதவர், படமாக நுழைந்துவிட்டார்!

நிலம் என்ன ஆயிற்று என்று கேட்பீர்களே? 1894-ல் பார்லிமென்ட் சட்டம் மூலம் லிங்க்ஸ் மறுபடி நகரசபையிடமே வந்தது. 1974 முதல் ஓர் அறக்கட்டளை பராமரிக்கிறது. இன்றும் ஓல்டு கோர்ஸ் எந்த கிளப்பின் சொத்தும் அல்ல. பொது மைதானம். வெளியூர்க்காரர்கள் பணம் கட்டி, குலுக்கலில் பெயர் வந்தால் ஆடலாம்.

1908 மே 24. 87 வயது முடிய மூன்றே வாரம் இருந்தது. ஊரிலிருந்த இன்னொரு கிளப்பில் உட்கார்ந்திருந்தவர், கதவு மாறித் திறந்து, இருட்டில் நிலவறைப் படிகளில் விழுந்தார். மண்டையில் பலத்த அடி. பிழைக்கவில்லை.

அன்று ஞாயிற்றுக்கிழமை. மைதானம் ஓய்வில் இருந்தது.

பெரிய போட்டி நாட்கள் தவிர, ஓல்டு கோர்ஸில் இன்றைக்கும் ஞாயிறு அன்று ஆட்டம் கிடையாது. அன்று ஊர் ஜனங்கள் குழந்தைகளோடும் நாய்களோடும் அந்தப் புல்லில் உலாவுகிறார்கள். டிக்கெட் இல்லை, செக்யூரிட்டி இல்லை. நீங்கள் போனாலும் நடக்கலாம். 18-வது குழிக்கு என்ன பெயர் என்று மட்டும் பார்த்துவிட்டு வாருங்கள். 'டாம் மாரிஸ்'!