நுங்கம்பாக்கத்துக்கு ஒரு வருட உரிமம்

திண்டிவனத்திலோ விழுப்புரத்திலோ ஸ்போர்ட்ஸ் கடையில் டென்னிஸ் பால் கேட்டுப் பாருங்கள். கடைக்காரர் அடுத்து கேட்பது "பேட் இருக்கா, வேணுமா?" என்பதுதான். எங்கள் பக்கம் அந்தப் பச்சைப் பந்து கிரிக்கெட்டுக்கானது. பொங்கல் டோர்னமென்ட் முழுக்க அதில்தான் ஓடும். அந்தப் பந்தை எந்த விளையாட்டுக்காகச் செய்தார்களோ, அதன் சர்வதேசப் பெண்கள் தொடர் ஒன்று 2022 செப்டம்பரில், திண்டிவனத்திலிருந்து ஜிஎஸ்டி ரோட்டில் சுமார் 120 கிலோமீட்டர் தள்ளி, நுங்கம்பாக்கத்தில் நடந்தது. பெயர் சென்னை ஓபன். மட்டம் டபிள்யூடிஏ 250.

அது ஏன் அந்த வருடம் வந்தது? அடுத்த வருடம் ஏன் வரவில்லை? பதிலைத் தேடிப் போனால் சென்னையைத் தாண்டி, சீனா வரைக்கும் போகவேண்டியிருக்கிறது.

2021 நவம்பர் 2 அன்று சீன வீராங்கனை பெங் ஷுவாய், தன் நாட்டின் முன்னாள் துணைப் பிரதமர் ஒருவர் மீது குற்றம்சாட்டி வெய்போவில் எழுதினார். சிறிது நேரத்திலேயே அந்தப் பதிவு மறைந்தது. சில வாரங்களுக்கு அவரும் பொதுவெளியில் தென்படவில்லை. டிசம்பர் 1 அன்று, சீனாவில் நடக்கும் தன் போட்டிகள் அனைத்தையும் நிறுத்திவைப்பதாக மகளிர் டென்னிஸ் சங்கம் அறிவித்தது. அதன் வருட இறுதி நாட்காட்டியில் பெரும்பகுதி சீன நகரங்களுடையது. பணமும் அங்கேதான். கோவிட் ஏற்கெனவே அந்தப் போட்டிகளை முடக்கியிருந்தது உண்மை. ஆனாலும் ஒரு விளையாட்டு அமைப்பு தன் பெரிய சந்தையிடம் வெளிப்படையாக முரண்டுபிடிப்பது அடிக்கடி நடக்கிற விஷயமில்லை.

நாட்காட்டியில் விழுந்த ஓட்டையை அடைக்க, 2022-இல் வேறு ஊர்களுக்கு ஒரு வருட உரிமங்கள் கொடுக்கப்பட்டன. அதில் ஒன்று சென்னைக்கு வந்தது. சாஃப்ட்வேர்க்காரனுக்கு இது நல்லாவே புரியும். லைசன்ஸ் கையில் இருக்கும், சொந்தம் இல்லை. தேதி முடிஞ்சா முடிஞ்சதுதான். 2023 ஏப்ரலில் சங்கம் சீனாவுக்குத் திரும்புவதாக அறிவித்தது, செப்டம்பரில் திரும்பியது. 2023, 2024 இரண்டு வருடமும் சென்னையில் பெண்கள் போட்டி இல்லை.

அந்த ஒற்றை வாரத்தில் என்ன நடந்தது? 17 வயது செக் வீராங்கனை லிண்டா ஃப்ருவிர்தோவா, இறுதிப் போட்டியில் போலந்தின் மக்டா லினெட்டிடம் முதல் செட்டை இழந்தார். கடைசி செட்டில் 1-4 என்று பின்தங்கினார். அங்கிருந்து தொடர்ந்து ஐந்து கேம்களை எடுத்து 4-6, 6-3, 6-4 என்று ஜெயித்தார். அவருடைய முதல் டபிள்யூடிஏ பட்டம் அது. ஆனால் நான் அதைவிட முக்கியமாக நினைப்பது முதல் சுற்று ஆட்டம் ஒன்றை. வைல்டு கார்டில் நுழைந்த கர்மான் கவுர் தாண்டி, தரவரிசையில் தன்னைவிட வெகு மேலே இருந்த பிரான்ஸின் க்ளோயி பாக்கேயை வீழ்த்தினார். அடுத்த சுற்றில் யூஜினி புஷார்டிடம் தோற்றார். கதை அவ்வளவுதான். அடுத்த வருடம் அதே மைதானத்தில் அதைத் தொடர அவருக்கு வாய்ப்பே இல்லை.

வைல்டு கார்டு என்பது தரவரிசை போதாத ஒருவரை உள்ளே விடுவதற்கு, நடத்துகிறவர்கள் கையில் இருக்கும் சில இடங்கள். போட்டி எந்த ஊரில் நடக்கிறதோ, அநேகமாக அந்த ஊர்க்காரர்களுக்கு அது கிடைக்கும். டென்னிஸில் புள்ளி இருந்தால்தான் பெரிய போட்டிக்குள் போகமுடியும், பெரிய போட்டிக்குள் போனால்தான் நல்ல புள்ளி கிடைக்கும். இந்தச் சிக்கலை உடைக்க இருக்கும் சில வழிகளில் ஒன்று சொந்த ஊரில் ஒரு போட்டி.

இது வெறும் கணக்கு இல்லை, ஹைதராபாத்தில் கண்ணெதிரே நடந்திருக்கிறது. அங்கே டபிள்யூடிஏ தொடர் 2003-இல் தொடங்கியது. அந்த வருடம் வைல்டு கார்டில் ஆடிய உள்ளூர்ப் பெண்ணுக்கு வயது 16, முதல் சுற்றிலேயே தோல்வி. 2004-இல் ஒற்றையரில் மறுபடியும் முதல் சுற்றுத் தோல்வி, ஆனால் லீசல் ஹூபருடன் இரட்டையர் பட்டம். 2005 பிப்ரவரியில் இறுதிப் போட்டியில் அலோனா பொண்டரென்கோவை 6-4, 5-7, 6-3 என்று வென்றார். டபிள்யூடிஏ ஒற்றையர் பட்டம் வென்ற முதல் இந்தியப் பெண் சானியா மிர்சா. மூன்று வருடம் ஒரே ஊரில் ஒரு போட்டி நின்றதால் அந்தப் பெண்ணுக்கு இரண்டு முறை தோற்க இடம் கிடைத்தது. அதுதான் விஷயம்.

சானியா வென்றதோடு ஹைதராபாத் தொடர் முடிந்தது. கொல்கத்தாவில் 2005 முதல் 2007 வரை ஒன்று, பெங்களூரில் 2006 முதல் 2008 வரை இன்னொன்று. கொல்கத்தாவில் 2006-இல் ஹிங்கிஸ் வென்றார். பெங்களூரில் 2008-இல் அரையிறுதியில் அக்கா வீனஸைத் தோற்கடித்த செரீனா, பட்டத்தையும் எடுத்துக்கொண்டு போனார். அதன்பிறகு இந்த மட்டத்தில் 14 வருடம் ஒன்றுமில்லை. இடையில் புனேயிலும் மும்பையிலும் நடந்தவை ஒரு படி கீழான 125 வகை.

இதே காலத்தில் நுங்கம்பாக்கத்தில் ஆண்கள் போட்டி 1997 முதல் 2017 வரை விடாமல் 21 வருடம் நடந்தது. 2009-இல் வைல்டு கார்டில் வந்த, சென்னையில் வளர்ந்த சோம்தேவ் தேவ்வர்மன் இறுதி வரை போனார். அதே மைதானம், அதே கேலரி. ஆண்களுக்கு 21, பெண்களுக்கு 2022 முடிய 1.

தமிழ்நாட்டில் ஆடும் பெண்கள் இல்லையா என்றால், 1998-இலேயே பதில் வந்துவிட்டது. கோயம்புத்தூரில் பிறந்த நிருபமா வைத்தியநாதன் அந்த வருட ஆஸ்திரேலிய ஓபனில் இத்தாலியின் க்ளோரியா பிஸ்ஸிக்கினியை வென்றார். ஓபன் காலகட்டத்தில் கிராண்ட்ஸ்லாம் ஒற்றையர் பிரதானச் சுற்றில் வென்ற முதல் இந்தியப் பெண் அவர். ஹைதராபாத் தொடர் வந்தது அதற்கு ஐந்து வருடம் கழித்து. 2025 பிப்ரவரியில் மும்பை 125 போட்டியில் 15 வயதில் அரையிறுதி வரை போன மாயா ராஜேஷ்வரனும் கோவைதான்.

2025 அக்டோபர் இறுதியில் சென்னை ஓபன் திரும்பி வந்தது. நவம்பர் 2 அன்று இந்தோனேசியாவின் ஜேனிஸ் ஜென், ஆஸ்திரேலியாவின் கிம்பர்லி பிரெல்லை 6-4, 6-3 என்று வென்றார். டபிள்யூடிஏ ஒற்றையர் பட்டம் ஒன்று இந்தோனேசியாவுக்குக் கிடைத்தது, 2002-இல் ஆஞ்செலிக் விஜாஜா வென்றதற்குப் பிறகு இப்போதுதான். பெரிய டென்னிஸ் நாடு இல்லை என்று நாம் நினைக்கிற ஓர் ஆசிய நாட்டுப் பெண் நம் ஊரில் வந்து ஜெயித்ததைப் பார்த்துப் பொறாமைப்படுவதில் தப்பே இல்லை.

போட்டி வந்ததற்காகக் கைதட்டுகிறோம். நிற்க வைக்க என்ன செய்தோம் என்றுதான் கேட்கவேண்டும். ஐரோப்பாவில் ஒரு போட்டி ஆட விமானம், விசா, ஹோட்டல், கோச்சுக்கும் சேர்த்து. விழுப்புரத்துப் பெண் ஒருத்திக்கு நுங்கம்பாக்கம் என்றால் காலை பஸ். கேலரியில் உட்கார்ந்து பார்க்க ஒரு வருடம், தகுதிச் சுற்றில் தோற்க ஒரு வருடம், முதல் சுற்றில் தோற்க இன்னொரு வருடம் அவளுக்கு வேண்டும். ஒரு வருட உரிமத்தில் இதில் எதற்கும் இடமில்லை.